வேலை போனால் மருந்தும் போகுமோ?

வரலாறு என்றவுடன் மன்னர் பெயரும் போர்க்களமும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. நான் வாழும் ஊரின் பெயரே அதற்குச் சான்று. வத்திராயிருப்புப் பக்கத்தில், மேற்கு மலையைப் பார்த்தபடி அமைந்தது கான்சாபுரம். மதுரையை ஆண்டு, 1764-ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்ட கான் சாகிபு யூசுபுகானின் பெயராலேயே இவ்வூர் வழங்குகிறது என்பது ஊரார் சொல்லும் செய்தி. ஆனால் நேயர்களே, கான் சாகிபுவின் படையைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. வீட்டின் உத்தரத்திலே செருகி வைத்திருக்கும் ஒரு சிறு அட்டையின் வரலாற்றைச் சொல்ல வந்தேன். மில் தொழிலாளி மருந்தகத்திற்கு எடுத்துச் செல்லும் அட்டை அது. அவ்வட்டைக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட சிந்தனையும், போராட்டமும், சட்டமும் அடங்கிக் கிடக்கின்றன.

கேள்வி எளியது. வேலையில் இருக்கும்போது ஒருவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் இலவச மருத்துவம் கிடைக்கிறது. ஒரு நாள் மில் மூடப்படுகிறது. அன்றோடு மருத்துவமும் நின்றுவிட வேண்டுமா? வருவாய் இருந்த காலத்தில் கிடைத்த மருந்து, வருவாய் அற்ற காலத்தில் மறுக்கப்படுமானால், அஃது என்ன முறை? குடை பிடிப்பவன் வெயிலில் பிடித்து, மழை வந்ததும் மடக்கிக்கொள்வதை ஒக்கும் அன்றோ?

நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்களை வகுத்துச் சொன்னவர் வள்ளுவர். இந்நான்கும் ஓரிடத்தில் கூடுவதற்குப் பொருள் வேண்டும். அப்பொருளை யார் தருவது என்பதே பிற்காலத்து உலகம் எதிர்கொண்ட வினா.

பழைய கிராம வாழ்வில் இவ்வினா இவ்வளவு கூர்மையாக எழவில்லை. நோய் இல்லாமலில்லை, கொடிய நோய்கள் ஊரையே வாரிக்கொண்டு போன காலம் அது. ஆனால் ‘வேலை போயிற்று’ என்ற நிலை வேறாக இருந்தது. மழை பொய்த்தால் ஊர் முழுவதற்குமே வேலை இல்லை. நாட்டு வைத்தியருக்கு நெல்லாகக் கொடுத்தார்கள், கடனாகவும் வைத்தார்கள். மில் வந்த பிறகே நிலைமை மாறிற்று. இராசபாளையத்தில் 1936-ஆம் ஆண்டு பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் ‘ராஜபாளையம் மில்ஸ்’ நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதன் பின் அவ்வட்டாரமெங்கும் நூற்பாலைகள் பெருகின. சுற்று வட்டாரத்து உழவர் குடும்பங்களிலிருந்து மக்கள் ஷிப்டுக்குச் செல்லத் தொடங்கினர். கார்டிங்கிலும் ரிங் பிரேமிலும் நின்றவர்களுக்கு மாதச் சம்பளம் வந்தது. அதே நேரத்தில், சங்கு ஒலி நின்றால் அடுப்பும் நிற்கும் என்ற புதிய அச்சமும் வந்தது. நிலத்தை விட்டுச் சம்பளத்தைப் பற்றியவனுக்குச் சம்பளமே நிலம். அது போனால் அவன் நிற்க இடமில்லை.

இவ்வச்சத்தை முதலில் கண்டது மேலைநாடு. தொழிற்புரட்சியின் தீமைகளை அதுதானே முதலில் கண்டது! 1883-ஆம் ஆண்டு செர்மனியில் பிஸ்மார்க் என்னும் அமைச்சர் நோய்க்கால ஈட்டுறுதிச் சட்டத்தைக் கொண்டு வந்தார். தொழிலாளி இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் கட்ட வேண்டும். நோயுற்றால் மருத்துவமும், பதின்மூன்று வாரம் வரை உதவித் தொகையும் உண்டு. பொதுவுடைமைக் கட்சியினரின் செல்வாக்கைக் குறைக்கவே அவர் இதைச் செய்தார் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. நோக்கம் எதுவாயினும் விளைவு நன்றாயிற்று. நோய் என்பது தனி மனிதனின் தலைவிதி அன்று, பலரும் சேர்ந்து சுமக்கத்தக்க சுமை என்ற எண்ணம் சட்டமாக உருப்பெற்றது.

இங்கிலாந்தில் 1911-ஆம் ஆண்டு லாயிட் ஜார்ஜ் தேசிய ஈட்டுறுதிச் சட்டத்தை நிறைவேற்றினார். தொழிலாளி நான்கு பென்சு, முதலாளி மூன்று பென்சு, அரசு இரண்டு பென்சு என்று வாரந்தோறும் சேர்ந்தது. ‘நான்கு கொடு, ஒன்பது பெறு’ என்பதே அவர் மக்களிடம் சொன்ன கணக்கு. அதே சட்டத்தின் மற்றொரு பகுதி, குறிப்பிட்ட சில தொழில்களில் வேலை இழந்தவர்க்கு வாரம் ஏழு சில்லிங் வீதம் பதினைந்து வாரம் வரை உதவி அளித்தது. ஒரே சட்டத்தில் நோயும் வேலையின்மையும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தன. ஆயினும் ஒரு பெருங்குறை இருந்தது. மருத்துவரிடம் செல்லும் உரிமை சம்பளம் வாங்குபவனுக்கு மட்டுமே. அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த மருத்துவர் கதவு திறக்கவில்லை.

நோயையும் வேலையின்மையையும் முடிச்சிட்டுக் கட்டிய பெருமை 1927-ஆம் ஆண்டின் செர்மானியச் சட்டத்தைச் சாரும். வேலையின்மை உதவி பெறும் காலத்தில் அவ்வுதவி பெறுபவன் நோய்க்கால ஈட்டுறுதியிலும் தொடர்ந்து உறுப்பினனாவான் என்று அச்சட்டம் வகுத்தது. வேலை போயிற்று, மருத்துவம் போகவில்லை. நம் இன்றைய பொருளுக்கு இது முதற்படி எனலாம். பின்னர் 1942-இல் பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. 1948 சூலை 5-ஆம் நாள் இங்கிலாந்து தேசிய மருத்துவப் பணியைத் தொடங்கியது. வேலை உண்டா, சந்தா கட்டினாயா என்று கேளாமல் நாட்டில் வாழும் அனைவர்க்கும் மருத்துவம் என்பது அதன் கொள்கை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சென்னையில் 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தமிழர் மறத்தலாகாது. பி. பி. வாடியாவும், திரு. வி. க.வும், செல்வபதி செட்டியாரும் அதற்கு உழைத்தவர்கள். அந்நாளில் மில் தொழிலாளி உண்பதற்குப் போதிய இடைவேளை கேட்டே போராட வேண்டியிருந்தது. மருத்துவம் கேட்பது பிறகன்றோ! 1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது; கை போனால், கால் போனால் தொகை உண்டு. 1934-இல் சென்னை மாகாணம் பேறுகால உதவிச் சட்டம் இயற்றிற்று. விட்லி தலைமையில் அமைந்த அரச தொழிலாளர் ஆணையம் 1931-இல் அளித்த அறிக்கை நோய்க்கால ஈட்டுறுதியைப் பற்றியும் ஆராய்ந்தது. ஆயினும் காரியம் நடக்கவில்லை.

1943-இல் பேராசிரியர் பி. பி. அதார்க்கர் அவர்களிடம் தொழிலாளர் நோய்க்கால ஈட்டுறுதித் திட்டம் வகுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அவர் அறிக்கையை அளித்தார். சரியாக மூன்றாண்டு கழித்து அதே நாளில் நாடு விடுதலை பெற்றது. அதற்கடுத்த ஆண்டு, 1948 ஏப்ரலில், தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் நிறைவேறிற்று. விடுதலை பெற்ற நாடு இயற்றிய பெருஞ்சட்டங்களில் அஃது ஒன்று. அரசியலமைப்பே அப்பொழுது முடிவு பெறவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரில் பண்டித நேரு இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அன்றே டில்லியிலும் தொடங்கிற்று. தமிழகத்தில் 1955 சனவரி 23-ஆம் நாள் மில்கள் நிறைந்த கோயம்புத்தூரில் முதலில் வேரூன்றிற்று.

திட்டத்தின் அமைப்பு இது: தொழிலாளி தன் ஊதியத்தில் சிறு பங்கும், முதலாளி அதைவிடப் பெரிய பங்கும் கட்டுவர். 2019 சூலையில் இப்பங்குகள் முறையே நூற்றுக்கு முக்கால் என்றும் மூன்றேகால் என்றும் குறைக்கப்பட்டன. மருந்தகங்களை மாநில அரசு நடத்தும். செலவில் எட்டில் ஏழு பங்கைக் கழகமும் ஒரு பங்கை மாநிலமும் ஏற்கும். நோய்க்கால உதவி, பேறுகால உதவி, ஊன உதவி, சார்ந்தோர் உதவி, மருத்துவ உதவி என்பன இதன் கிளைகள். தொடக்கத்தில் மருத்துவம் தொழிலாளிக்கு மட்டுமே கிடைத்தது. 1911-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குறையே இங்கும் இருந்தது. பின்னர் அது படிப்படியாகக் குடும்பத்திற்கும் விரிந்தது. மதுரையிலும் சிவகாசியிலும் இத்திட்டத்தின் மருத்துவமனைகள் எழுந்தன.

இத்தனை நன்மைகள் அமைந்த சட்டத்தில் வேலையின்மைக்கு மட்டும் இடமில்லாது போயிற்று. அதார்க்கர் திட்டம் நோயைப் பற்றியது. வேலை இழப்பதைப் பற்றியதன்று. அக்காலத்தில் வேலையின்மையைக் கணக்கிட்டு உதவி செய்வதற்கு ஏழை நாட்டால் இயலுமா என்ற ஐயம் பெரிதாக இருந்தது. அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு தன் பொருள் வலிமைக்கு உட்பட்டு வழி செய்ய வேண்டும் என்கிறது. ‘பொருள் வலிமைக்கு உட்பட்டு’ என்னும் தொடரில்தான் பல ஆண்டுகள் உறங்கின. 1952-இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு சமூகப் பாதுகாப்பின் குறைந்த அளவு பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. அதில் மருத்துவமும் வேலையின்மை உதவியும் இரண்டும் ஒன்பது கிளைகளுள் அடங்கும்.

1953-இல் தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஆட்குறைப்புக்கு உள்ளானவனுக்கு, அவன் பணி செய்து முடித்த ஒவ்வோர் ஆண்டிற்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியம் கிடைக்க வழியாயிற்று. அது நல்லதே. ஆனால் அது ஒரு முறை கைக்கு வரும் தொகை. மகள் கலியாணம், பழைய கடன், கூரை மாற்றுதல் என்று அது போகும் வழிகள் பல. அடுத்த ஆண்டு நோய் வந்தால் அத்தொகை அங்கே இராது.

பஞ்சாலைத் தொழிலில் மற்றொரு கொடுமையும் உண்டு. பஞ்சுத் தூசி ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் படிந்து மூச்சிரைப்பை உண்டாக்கும். விடுமுறை கழித்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சிறுக்கம் மிகும் என்பது அந்நோயின் அடையாளம். சட்டம் அதனைத் தொழில்வழி நோய் என்று ஏற்றுக்கொண்டுள்ளது. மில் மூடப்பட்டதனால் அந்தத் தூசி நெஞ்சை விட்டுப் போய்விடுமா? வேலை தந்த நோய், வேலை போன பின்னும் உடன் வருகிறது. 1995-ஆம் ஆண்டு கல்நார்த் தொழிலாளர் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவாக்கிற்று. பணியில் இருக்கும்போதும், ஓய்வு பெற்ற பின்னும் உடல்நலத்திற்கான மருத்துவம் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்பது அதன் தீர்ப்பு.

1990-களில் பழைய மில்கள் ஒவ்வொன்றாய் நின்றன. தமிழ்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்தின் தொட்டில் எனத்தக்க பக்கிங்காம் கர்னாடிக் மில்லே 1996-இல் மூடப்பட்டது. நாடெங்கும் இந்நிலை பரவியபோது, 2005 ஏப்ரல் 1-ஆம் நாள் முதல் ஈட்டுறுதிக் கழகம் ஒரு புதிய வழியைத் திறந்தது. இராசீவ் காந்தி தொழிலாளர் நலத்திட்டம் என்பது அதன் பெயர். ஆலை மூடப்பட்டோ, ஆட்குறைப்பினாலோ வேலை இழந்தவர்க்கும், பணியின் வழி அல்லாத காயத்தால் நூற்றுக்கு நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத நிலையான ஊனமுற்று வேலை இழந்தவர்க்கும் வேலையின்மைப் படி உண்டு என்று அது வகுத்தது. படியின் அளவு ஊதியத்தில் பாதி. தொடக்கத்தில் ஐந்தாண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும், ஆறு மாதம் வரையே படி என்று இருந்தது. பின்னர் சந்தாக் காலம் குறைந்தது. படி பெறும் காலம் ஓராண்டாகவும், இரண்டாண்டாகவும் வளர்ந்தது.

நேயர்களே, இத்திட்டத்தின் உயிர்நாடி அப்படியில் இல்லை. அதை ஒட்டி வரும் ஒரு வரியில் இருக்கிறது. வேலையின்மைப் படி பெறும் காலம் முழுவதும் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்திற்கும் ஈட்டுறுதி மருந்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் மருத்துவம் உண்டு என்பதே அவ்வரி. 1883-இல் தொழிலாளியை மட்டும் நினைத்தது சட்டம். 1911-இல் வேலையின்மையை நினைத்தது, குடும்பத்தை மறந்தது. 1927-இல் வேலையற்றவனின் நோயை நினைத்தது. 1952-இல் நம் நாடு தொழிலாளியின் நோயை நினைத்தது. பின்பு அவன் குடும்பத்தையும் நினைத்தது. 2005-இல்தான் வேலையற்றவன், அவன் குடும்பம், நோய் ஆகிய மூன்றும் ஒரே வரியில் வந்து நின்றன. ஒரு வரி எழுதுவதற்கு அத்தனை காலம் பிடித்தது!

எழுதப்பட்ட வரி வீட்டு வாசலை எட்டுவது வேறு கதை. நான் தலைமையாசிரியராக இருந்த நாளில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து பள்ளிக்கு வராதிருந்தான். அவன் தந்தையை அழைத்து விசாரித்தேன். அவர் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. அவர் மனைவிக்குச் சர்க்கரை நோய்; காலில் ஆறாத புண். மாதந்தோறும் ஈட்டுறுதி மருந்தகத்தில் மாத்திரை வாங்கி வந்தவர்கள், மில் மூடிய நாள் முதல் அங்குச் செல்வதை நிறுத்திவிட்டார்கள்.

“ஏனப்பா, அட்டை கையில் இருக்கிறதல்லவா?” என்றேன்.

“மில்லே போயிருச்சுங்க ஐயா. அட்டை மட்டும் உசுரோடவா இருக்கும்?” என்றார் அவர்.

அவர் சொன்னது தவறு என்பதே இங்கு நான் சொல்ல வேண்டிய செய்தி. அட்டைக்கு உயிர் இருந்தது. இத்திட்டத்தில் சந்தாக் காலம், பயன் காலம் என இரு கணக்குகள் உள்ளன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவிற்குப் பயன், அடுத்த சனவரி முதல் சூன் வரை. அக்டோபர் முதல் மார்ச்சு வரை கட்டியதற்குப் பயன், அடுத்த சூலை முதல் டிசம்பர் வரை. ஆகவே செப்டம்பரில் மில் மூடப்பட்டாலும், முறையாகச் சந்தா கட்டியவனுக்கு அடுத்த சூன் வரை மருத்துவ உரிமை தொடரும். வேலையின்மைப் படியின் வழி வரும் மருத்துவம் அதன் மேலும் ஓர் அரண். அந்தக் குடும்பத்தார் உரிமையை இழக்கவில்லை. உரிமை இருப்பதை அறியாமல் இழந்தவர்போல் வாழ்ந்தார்கள்.

அவரை ஒரு தொழிற்சங்க முதியவருடன் அனுப்பி வைத்தேன். மருந்தகத்தில் மருந்து கிடைத்தது. ஆனால் படிக்கு விண்ணப்பித்தபோது, ஆலை மூடப்பட்டதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். ஆலையின் கதவிலோ பூட்டு, கையெழுத்திட ஒருவருமில்லை. “இன்று போய் நாளை வா” என்று எத்தனை நாள்! சான்று கிடைக்க மாதங்கள் சென்றன. அதற்குள் அந்த அம்மையாரின் கால்விரல் ஒன்றை எடுக்க நேர்ந்தது. மகன் சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறிக்கு வேலைக்குப் போய்விட்டான். நான் எவ்வளவு சொல்லியும் அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை நீக்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சத்திரப்பட்டி என்றேன். புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்வதில் நாடறிந்த ஊர் அது. இராசபாளையத்தைச் சூழ்ந்த அவ்வட்டாரத்துத் தறிகளில் நெய்த துணி எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. ஆனால் அத்தறிகளில் பல வீட்டோடு இயங்குபவை. நாலைந்து பேர் வேலை செய்பவை. பத்துப் பேருக்குக் குறைந்த தொழிலகங்கள் பொதுவாக ஈட்டுறுதிச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றன. உலகத்தார் புண்ணைக் கட்டத் துணி நெய்பவன், தன் புண்ணைக் கட்டும் உரிமையைச் சட்டத்தில் காணவில்லை.

எங்கள் கான்சாபுரத்து உழவுத் தொழிலாளரின் நிலையும் அதுவே. அவர்களுக்குச் சந்தாவும் இல்லை; அட்டையும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், கேட்ட பதினைந்து நாளில் வேலை தராவிடில் வேலையின்மைப் படி தரவேண்டும் என்று விதித்தது. முதல் முப்பது நாளுக்குக் கூலியில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமலும், பின்னர்ப் பாதிக்குக் குறையாமலும் என்பது கணக்கு. வேலைத்தலத்தில் காயம் பட்டால் இலவச மருத்துவமும் அதில் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் படி பெறும் குடும்பத்திற்கு மருத்துவம் என்ற வரி அதில் எழுதப்படவில்லை. ஒரே ஆண்டில் பிறந்தவை இரண்டும். ஒன்றில் அவ்வரி உண்டு, மற்றொன்றில் இல்லை.

‘அரசு மருத்துவமனை இருக்கிறதே, ஆரம்பச் சுகாதார நிலையம் இருக்கிறதே, பிறகு ஏன் இந்தக் கவலை?’ என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானது. சந்தா கேளாமல், வேலை கேளாமல் வந்தவர்க்கெல்லாம் மருந்து தரும் நிலையங்கள் தமிழகத்துச் சிற்றூர்கள் வரை பரவியிருப்பது நமக்குப் பெருமை. 2009-இல் ஏழைக் குடும்பங்களுக்கு உயிர்காக்கும் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரையை வீட்டிற்கே கொண்டு சென்றது. இவையெல்லாம் இருக்கும்போது வேலை இழந்தவன் முற்றும் கைவிடப்பட்டவன் அல்லன்.

ஆயினும் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். ஒன்று, தொடர்ச்சி. பத்தாண்டு ஒரே மருந்தகத்தில் பார்த்து வந்த நோயாளியின் குறிப்பேடு அங்கே இருக்கிறது. வேறிடம் சென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீண்ட நோய்க்கு இடையில் விழும் இரண்டு மாத இடைவெளியே போதும், புண் ஆழமாகிவிடும். மற்றொன்று, உரிமை. தன் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு பங்கைக் கொடுத்தவன், கை நீட்டி நிற்கவில்லை. தான் போட்டதைக் கேட்கிறான். அந்த நிமிர்வைச் சட்டம் காக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஈட்டுறுதித் தொழிலாளியும் அவன் துணைவியும் ஆண்டிற்கு 120 ரூபாய் கட்டி மருத்துவம் பெற வழி வகுத்ததும் இந்நோக்கத்தாலேயே. முதுமைக்குச் செய்ததை வேலையின்மைக்கு மறுக்கக் காரணமில்லை.

2018 சூலையில் அடல் பெயரால் மற்றொரு திட்டம் வந்தது. வேலை இழந்தவர்க்குத் தொண்ணூறு நாள் வரை, சராசரி ஊதியத்தில் கால் பங்கு உதவி. 2020-இல் கொள்ளை நோய் நாட்டை முடக்கியபோது அக்கால் பங்கு பாதியாக உயர்ந்தது. அதனினும் முக்கியமான மாற்றம், முதலாளியின் வழியாகச் செல்லாமல் தொழிலாளி தானே கிளை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம் என்றாக்கியது. பூட்டிய கதவின் முன் கையெழுத்துக்காகக் காத்து நின்றவர்கள் இம்மாற்றத்தின் அருமையை அறிவார்கள். ஓர் இடர் வந்த பிறகே ஓர் அறிவு பிறக்கிறது. இஃது உலக இயல்பு.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் தன் பணியை முடித்துக்கொண்டது. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அதன் பொருள் சேர்க்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறும். பிரிவு எண் மாறும். மாறக்கூடாதது அந்த ஒரு வரியே. வேலையின்மை உதவி எந்தப் பெயரில் வந்தாலும், எந்தச் சட்டத்தின் வழி வந்தாலும், அதனோடு குடும்பத்தின் மருத்துவமும் கூடவே வர வேண்டும். தறிக்காரனுக்கும் வயற்காட்டுத் தொழிலாளிக்கும் அவ்வரி எட்ட வேண்டும்.

மில்லுக்குச் செல்லும் குடும்பத்தார் இதனைக் கேட்பீர்களாயின், ஓர் ஆசிரியனுக்குரிய உரிமையோடு மூன்று சொற்கள் சொல்வேன். உங்கள் ஈட்டுறுதி எண்ணையும் சம்பளச் சீட்டுக்களையும் பத்திரமாக வையுங்கள். குடும்பத்தார் அனைவரின் பெயரும் பதிவாகியிருக்கிறதா என்று வேலை இருக்கும்போதே பாருங்கள். வேலை போன பின் அதற்கு அலைய நேரும். மில் நின்றாலும் மருந்தகத்திற்குச் செல்வதை நீங்களாக நிறுத்தாதீர்கள். உரிமை முடிந்ததா இல்லையா என்பதை அவர்கள் ஏட்டைப் பார்த்துச் சொல்லட்டும்.

பிள்ளைகளுக்கு நான் வரலாறு கற்பித்த ஆண்டுகளில், சட்டம் பிறந்த ஆண்டை மனப்பாடம் செய்யச் சொன்னதுண்டு. அதன் கூட இன்னொன்றையும் கேட்கப் பழக்கினேன்: “அந்தச் சட்டம் யார் வீட்டுக்குள் நுழைந்தது? யார் வீட்டு வாசலில் நின்றுவிட்டது?” தேர்வுத் தாளில் இவ்வினா வருவதில்லை. நாட்டின் வரலாற்றை எழுதுவோர் விடை சொல்ல வேண்டிய வினா இதுவே.